வில் ஹன்டிங் எதைக் கண்டு பயப்படுகிறான்?

வணக்கம் மக்களே. இன்றைக்கு 'குட் வில் ஹன்டிங்' படத்தைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். 1997-இல் வந்த படம். கடைசிக் காட்சி வரைக்கும் சொல்லித்தான் பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்து ரொம்ப நாள் ஆனவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். அதில் சவுத் பாஸ்டன் என்கிற உழைப்பாளிகள் குடியிருப்பில் வளர்ந்தவன் வில். வயது இருபது. பெற்றோர் கிடையாது, வளர்ப்பு வீடுகளில் அடி வாங்கியே வளர்ந்தவன். எம்.ஐ.டி-யில் தரை துடைக்கிறான். நம் சென்னை எம்.ஐ.டி இல்லை, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. அங்கே லாம்போ என்கிற கணிதப் பேராசிரியர் மாணவர்களுக்காக நடைவழிப் பலகையில் ஒரு கணக்கை எழுதி வைக்கிறார். யாரும் இல்லாத நேரம் பார்த்து வில் அதற்கு விடை எழுதிவிட்டுப் போய்விடுகிறான். அப்புறம் ஒரு தெருச் சண்டை, அதில் போலீஸ்காரரையும் அடித்துவிட்டுச் சிறைக்குப் போகிற நிலைமை. லாம்போ தலையிட்டு வெளியே எடுக்கிறார். நிபந்தனை இரண்டு: தன்னோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும், மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்க வேண்டும். வருகிற ஆலோசகர்களை எல்லாம் வில் கிண்டல் செய்தே துரத்துகிறான். கடைசியில் மாட்டுபவர் ஷான். ராபின் வில்லியம்ஸ் நடித்த பாத்திரம்.

அந்தப் பலகைக் கணக்கைப் பற்றி ஒரு சின்ன விஷயம். இரண்டாவதாக ஒரு கணக்கு வருமே, அதை நிரூபிக்கத் தங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது என்று லாம்போ பெருமையாகச் சொல்வார். ஆனால் திரையில் வில் எழுதிக்கொண்டிருப்பது பத்துப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து வரைகிற மரங்கள். மரம் என்றால், கோடுகள் எங்கேயும் சுற்றி வந்து வளையமாக மூடாத படம். எந்தப் புள்ளியிலும் சரியாக இரண்டு கோடுகள் மட்டும் சேரக் கூடாது, அவ்வளவுதான் விதி. மொத்தமே பத்து மரங்கள்தான். பேப்பரும் பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நீங்களும் வரையலாம். வில் எட்டு வரைந்திருப்பான், அதற்குள் லாம்போ வந்து கத்திவிடுவார். கணிதம் படித்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை, ஏனென்றால் இந்தப் படத்தின் விஷயமே கணக்கு இல்லை.

இந்தப் படத்தைப் பற்றிப் பலரும் சொல்வது, உலகம் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு மேதையின் கதை என்று. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உலகம் அவன் வாசலில் வரிசையில் நிற்கிறது. ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய பேராசிரியர் அவனுக்காக ஓடுகிறார். அந்தப் பதக்கம் நான்கு வருடத்துக்கு ஒரு முறை, நாற்பது வயதுக்குள் இருக்கிற கணித அறிஞர்களுக்குக் கொடுப்பது, சும்மா கிடைப்பதில்லை. கம்பெனிகள் கூப்பிடுகின்றன, அரசாங்கம் கூப்பிடுகிறது, ஒரு பெண் கூப்பிடுகிறாள். எல்லாவற்றுக்கும் இவன்தான் மாட்டேன் என்கிறான். ஏன் என்பதுதான் படம்.

இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று, எல்லோரும் கைதட்டுகிற காட்சி. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, என்.எஸ்.ஏ, அவனை வேலைக்குக் கூப்பிடுகிறது. ஏன் வரக் கூடாது என்று கேட்கிறார்கள். வில் ஆரம்பிக்கிறான். யாராலும் உடைக்க முடியாத ஒரு சங்கேதத்தை என் மேசையில் வைக்கிறீர்கள், நான் உடைத்துவிடுகிறேன், எனக்குச் சந்தோஷம். ஆனால் அது எங்கேயோ ஒரு ஊரில் கிளர்ச்சியாளர்கள் ஒளிந்திருக்கிற இடமாக இருக்கும், நீங்கள் அதில் குண்டு போடுவீர்கள், எனக்கு முன்பின் தெரியாதவர்கள் சாவார்கள். அப்புறம் படை போகும், அதில் என் தெருப் பையன் ஒருத்தன் காயம் பட்டுத் திரும்பி வருவான், வந்து பார்த்தால் அவன் வேலை பார்த்த தொழிற்சாலை அவன் சண்டை போட்ட நாட்டுக்கே போயிருக்கும். இப்படியே எண்ணெய் விலை, கடலில் கொட்டுகிற எண்ணெய், செத்து மிதக்கிற உயிர்கள் என்று ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குப் போய்க்கொண்டே இருக்கிறான். எழுத்தாகவும் நடிப்பாகவும் அபாரம். அரசியலாகப் பார்த்தாலும் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று, ஸ்கைலரின் அறையில். மினி டிரைவர் நடித்த பாத்திரம், ஹார்வர்ட் மாணவி. மருத்துவம் படிக்கக் கலிபோர்னியாவுக்குப் போகப் போகிறாள். என்னோடு வந்துவிடு என்கிறாள். இவன் முகத்தைப் பாருங்கள், அப்படியே மாறும். நிச்சயமாகத்தான் சொல்கிறாயா? நான் அங்கே வந்துவிடுகிறேன் என்று வை, உனக்குப் பிடிக்காத ஏதோ ஒன்று என்னிடம் இருப்பது அடுத்த வாரமே தெரிந்துவிடும். கூப்பிட்டதே தப்பு என்று உனக்குத் தோன்றும், ஆனால் இவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்லிவிட்டு எப்படித் திரும்ப வாங்குவது என்று சொல்லாமல் இருப்பாய். நான் வேண்டாதவனாக உன் வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

கவனித்தீர்களா? இரண்டும் ஒரே பேச்சு! 'இப்படி நடந்தால்' என்று ஆரம்பித்து, ஒவ்வொரு படியாகக் கணக்குப் போட்டு, நேராக நாசத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறான். முதல் காட்சியில் இதே மூளைக்கு நாம் கைதட்டினோம். இரண்டாவது காட்சியில் அதே மூளை அவன் கழுத்தைப் பிடிக்கிறது. அவனுடைய பயமும் அவனுடைய திறமையும் தனித்தனி இல்லை. ஒரு கணக்கின் முதல் வரியைப் பார்த்ததும் கடைசி வரி தெரிகிற ஆள் அவன். தன் வாழ்க்கைக்கும் அப்படியே கடைசி வரியைப் பார்த்துவிடுகிறான். சின்ன வயதில் அவனுக்குக் கிடைத்த பாடம், யாரை நம்பினாலும் கடைசியில் விட்டுவிடுவார்கள் அல்லது அடிப்பார்கள் என்பது. எந்தக் கணக்கைப் போட்டாலும் அதே விடைதான் வரும். அதனால் அவர்கள் விடுவதற்கு முன்னால் இவன் விட்டுவிடுகிறான். உன்னை நான் காதலிக்கவில்லை என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வெளியே போகிறானே, அதற்கு இதுதான் காரணம்.

என்.எஸ்.ஏ பேச்சு முடிந்ததும் படம் நேராக ஷானின் அறைக்கு வெட்டுகிறது. அங்கே ஷான் அரசியல் எதுவும் பேச மாட்டார். உனக்கு என்ன செய்ய ஆசை என்று மட்டும் கேட்பார். உலகத்தில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவன் திணறுவான். செங்கல் அடுக்குவது கௌரவமான வேலை இல்லையா என்பான். கௌரவம்தான், நீ எங்கே வேண்டுமானாலும் துடைப்பம் பிடிக்கலாமே, உலகத்திலேயே பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் வந்து ஏன் பிடித்தாய், ராத்திரியில் திருட்டுத்தனமாக அடுத்தவர் கணக்கை ஏன் போட்டாய் என்று ஷான் மடக்குவார். ஆடு மேய்க்கப் போகிறேன் என்று வில் கிண்டலாக நழுவுவான். வெளியே போ என்று அனுப்பிவிடுவார். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். வேண்டாததைச் சொல்லச் சொன்னால் நாமும் ஒரு மணி நேரம் பேசுவோம் இல்லையா?

சரி, தமிழ் ஆட்களாகிய நமக்கு இந்தப் படத்தில் ஒரு தனி விஷயம் இருக்கிறது. லாம்போ ஷானைச் சம்மதிக்க வைக்க ராமானுஜன் கதையைச் சொல்வார். ஏதோ ஒரு சின்னக் குடிசையில், முறையான படிப்பே இல்லாமல் இருந்தவர் என்பது மாதிரி. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலும் அரசு கல்லூரியும் என்ன பாவம் செய்தனவோ தெரியவில்லை. அதை விடுங்கள். எனக்குப் பிரச்சினை அந்த ஒப்பீட்டில்தான். ராமானுஜன் யாராவது வந்து கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தவர் இல்லை. மதராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பேக்கர், ஹாப்சன் என்கிற இரண்டு பேரிடமிருந்து உதவி வரவில்லை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி இங்கிலாந்துக்குக் கூப்பிட்டார். ராமானுஜனுக்கும் தயக்கம் இருந்தது. கடல் தாண்டக் கூடாது என்கிற ஆசாரம், அம்மா என்ன சொல்வார் என்கிற கவலை. முதலில் போக மறுத்தவர், 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

வில்லும் ஒரு வகையில் கடிதம் போட்டவன்தான். பலகையில் விடையை எழுதினான் இல்லையா, அதுதான் அவன் கடிதம். ஆனால் கீழே பெயர் போடவில்லை. லாம்போவுக்கு இரண்டு பேரிடமும் இருக்கிற திறமை மட்டும்தான் தெரிகிறது, இந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் அவனுக்கு வேலை தேடித் தேடிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பாவம், அவர் நிலையும் கஷ்டம்தான். வில் தன்னுடைய நிரூபணத்தாளையே கொளுத்துவான், பதக்கம் வாங்கிய மனிதர் தரையில் முட்டி போட்டு அந்தத் தீயை அணைப்பார். உன்னைச் சந்திக்காமலே இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் என்பார். லாம்போவாக நடித்த ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்டுக்கு இந்தப் படத்துக்காகக் கிடைக்க வேண்டிய பாராட்டுக் கிடைக்கவில்லை என்பது என் தீராத வருத்தம்.

இப்போது, படத்தின் மையம் எது? கேட்டால் எல்லோரும் 'உன் மேல் தப்பில்லை' என்று ஷான் திரும்பத் திரும்பச் சொல்லி, வில் உடைந்து அழுகிற காட்சியைத்தான் சொல்வார்கள். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் நிதானமாக யோசித்தால், அத்தனை வருடக் காயம் ஒரு அணைப்பில் இறங்கிவிடுவது சினிமாவுக்கு வசதியாக இருக்கிறது. அதைவிட, முதல் சந்திப்பிலேயே ஷான் அவன் கழுத்தைப் பிடித்து நெரிப்பார். நிஜத்தில் ஒரு ஆலோசகர் அப்படிச் செய்தால் அன்றோடு தொழில் முடிந்தது.

எனக்கு மையம், கட்டட வேலை நடக்கிற இடத்தில் வில்லின் நெருங்கிய நண்பன் சக்கி பேசுகிற காட்சி. பென் அஃப்லெக் நடித்த பாத்திரம். வில் அங்கேதான் முதல் தடவையாகத் தன் எதிர்காலத்தை விவரமாகச் சொல்கிறான். நாம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்போம், குழந்தைகள் பிறக்கும், அதுகளைப் பேஸ்பால் ஆடக் கூட்டிக்கொண்டு போவோம் என்று. எதுவுமே மாறாத ஒரு எதிர்காலம். எந்த அதிர்ச்சியும் வராது என்று அவனால் கணக்குப் போட முடிந்த ஒரே எதிர்காலம். சக்கி சிரித்துக்கொண்டே கேட்டிருக்கலாம், ஆனால் கோபப்படுகிறான். இருபது வருடம் கழித்தும் நீ இங்கேயே இருந்தால் கொன்றுவிடுவேன் என்கிறான். இது உனக்காக இல்லை, எங்களுக்காக என்கிறான். நான் ஐம்பது வயதிலும் இதே வேலையில்தான் இருப்பேன், அது எனக்குப் பரவாயில்லை, உன்னிடம் இருப்பதற்காக இங்கே யாரும் எதையும் கொடுப்பார்கள், நீ இங்கேயே கிடப்பது எங்களை அவமானப்படுத்துவது. அப்புறம் சொல்வான், தினமும் காலையில் உன் வீட்டு வாசலில் கார் நிறுத்தி இறங்கிக் கதவைத் தட்டப் போகிற அந்தப் பத்து வினாடிதான் என் நாளிலேயே நல்ல நேரம், ஏனென்றால் இன்றைக்கு நீ இருக்க மாட்டாய் என்று நினைப்பேன்.

வில் போட்ட எந்தக் கணக்கிலும் இது வரவில்லை. ஒருவன் தன்னை விட்டுப் பிரிய வேண்டும் என்று ஆசைப்படுவது அன்பாலும் இருக்கலாம் என்பது அவனுக்குப் புதுசு. படித்த பேராசிரியராலும் ஆலோசகராலும் சொல்ல முடியாததை, புத்தகம் பக்கம் போகாத நண்பன் சொல்லிவிடுகிறான்.

இந்தக் கதையை எழுதியதும் அந்த வயதுப் பையன்கள்தான். வில்லாக நடித்த மாட் டேமன் ஹார்வர்டில் படிக்கும்போது வகுப்புக்காக எழுத ஆரம்பித்தது, அப்புறம் அஃப்லெக் சேர்ந்துகொண்டார். முதலில் இது ஒரு த்ரில்லர், அரசாங்கம் வில்லைத் துரத்துகிற கதை. இயக்குநர் ராப் ரெய்னர் அந்தத் துரத்தலை எடுத்துவிடச் சொன்னார். என்.எஸ்.ஏ காட்சி அதன் மிச்சம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெளியிலிருந்து துரத்துகிறவர்களை எடுத்துவிட்டதும், இந்தப் பையன் தனக்குள் எதற்காக ஓடுகிறான் என்பது மட்டும் மிஞ்சியது. குஸ் வான் சான்ட் இயக்கினார். 1998 ஆஸ்கரில் திரைக்கதைக்கு இவர்கள் இரண்டு பேரும், துணை நடிகருக்கு ராபின் வில்லியம்ஸும் வாங்கினார்கள். டேமனுக்கு அப்போது 27 வயது, அஃப்லெக்குக்கு 25.

ஸ்கைலர் பாத்திரம்தான் எனக்குக் குறை. ஒரு இடத்தில் அவளுடைய வேதியியல் வீட்டுப்பாடத்தை வில் போட்டுக்கொண்டு வந்து கொடுப்பான், அவள் அதை நானே கற்றுக்கொள்ள வேண்டும் என்பாள். கஷ்டப்பட்டுப் படிக்கிறவள் முன்னால் போகிறாள், கஷ்டமே இல்லாதவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். இதை இன்னும் தோண்டியிருக்கலாம். அப்பா இறந்துபோன அவளுக்கும் பயம் இருக்காதா? அவள் பக்கத்தைப் படம் அவ்வளவாகக் கேட்கவில்லை. கடைசியில் வில் காரை எடுத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குக் கிளம்பும்போதும், அவள் ஏற்றுக்கொள்வாளா என்று காட்டாமல் சாலையிலேயே படம் முடிகிறது. அதில் எனக்குக் குறை இல்லை. லாம்போ பார்த்துக்கொடுத்த வேலையைக் கையில் வாங்கிய பிறகும், விடை தெரியாத ஒன்றுக்குத்தான் கிளம்புகிறான். வேலையை உதறிவிட்டுக் காதலுக்காகப் போனது திறமையை வீணடிப்பது என்று சொல்கிறவர்கள் உண்டு. கணக்கு கலிபோர்னியாவிலும் போடலாமே ஐயா.

அந்தக் கடைசி நிமிடங்களில் நான் ரசிப்பது அவர்கள் நண்பர் கூட்டத்தில் இன்னொருவனான மார்கனை. சக்கி வந்து கதவைத் தட்டுவான், பதில் வராது, மெல்லச் சிரித்துக்கொண்டு திரும்புவான். காரில் பின்னால் உட்கார்ந்திருக்கிற மார்கனுக்கு ஒரு நொடியில் விஷயம் புரிந்துவிடும். ஒரு வார்த்தை பேச மாட்டான். கீழே இறங்கி, முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வான்.