வெள்ளம் வருமுன் அணை: சீனன்குடாத் தாங்கிகளும் தென்னுலக ஒற்றுமையும்

மதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் சமயப் பெரியார்களே, பிரதேச சபைத் தவிசாளர்களே, அதிபர்களே, கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் மீனவர் சங்க நிர்வாகிகளே, கதிரை கிடைக்காமல் நின்றபடி கேட்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன். பொன்னாடை போர்த்திய பெரியவருக்கும், ஒலிபெருக்கியை இலவசமாகத் தந்த அன்பருக்கும், மழைக்கு அஞ்சாமல் பந்தல் போட்ட நண்பர்களுக்கும் நன்றி. எனக்குப் பின் இன்னும் மூவர் பேச இருக்கிறார்கள் என்று தலைவர் காதில் சொல்லிவிட்டார். புரிந்துகொண்டேன்.

தந்திருக்கும் தலைப்பு பெரியது: வளர்முக நாடுகளின், அதாவது தென்னுலகின், ஒத்துழைப்பு. அதை நம் திருகோணமலையின் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் கொண்டுவந்து முடிப்பேன். சமாதானம், அபிவிருத்தி, சுயநிர்ணயம் என்று மூன்றாகப் பிரித்துப் பேச உத்தேசம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு பழமொழி போதும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

முதலில் ஒரு கதை. 1952. கொரியாவில் போர். உலகச் சந்தையில் அரிசி கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் யானை விலை. நம் இறப்பரின் விலையோ ஏறிய வேகத்தில் சரிந்துவிட்டது. அந்தப் பக்கம் சீனாவுக்கு இறப்பர் வேண்டும். ஆனால் ஐக்கிய நாடுகள் சபை 1951 மே மாதத்திலேயே அதற்குத் தடை போட்டிருந்தது. இலங்கைக்கு அந்தத் தடை பொருந்துமா? பொருந்தாது! ஏன் தெரியுமா? நாம் அப்போது சபையில் உறுப்பினரே இல்லை. சோவியத் வீட்டோவால் வெளியே நின்றோம். 1955 டிசம்பரில்தான் உள்ளே விட்டார்கள். கதவைச் சாத்தியதால் வந்த சௌகரியம் அது! (சிரிப்பு)

கொழும்பில் ஆட்சியில் இருந்தது யார்? கம்யூனிசம் என்றால் காததூரம் ஓடுகிற ஐக்கிய தேசியக் கட்சி. சீனத் தலைநகர் பீக்கிங்கோடு தூதரக உறவுகூடக் கிடையாது. அது 1957இல்தான் வந்தது. ஆனாலும் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க விமானம் ஏறினார். அந்த டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு 2,70,000 தொன் அரிசி அங்கிருந்து, 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து. இறப்பருக்குச் சிங்கப்பூர் விலையைவிடக் கூடுதல் விலை. அமெரிக்கா கோபித்து உதவியை நிறுத்தியது. ஒப்பந்தமோ புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு 1980கள் வரை ஓடியது. பாண்டுங் மாநாட்டில் 29 ஆசிய, ஆபிரிக்க நாடுகள் கூடியது 1955இல். இறப்பரும் அரிசியும் அதற்கு முன்பே கை குலுக்கிவிட்டன. பிரகடனம் இல்லை, கொடி இல்லை. பொருளும் அளவும் விலையும் தேதியும் இருந்தன. அதனால்தான் நின்றது.

இப்போது இன்னொன்றைப் பாருங்கள். 1973 எண்ணெய் நெருக்கடி முடிந்த கையோடு, 1974இல் பணக்கார நாடுகள் சர்வதேச எரிசக்தி முகமையை அமைத்தன. அதில் சேரும் நாடு 90 நாள் இறக்குமதிக்குச் சமமான எண்ணெயைக் கையிருப்பில் வைக்க வேண்டும். அவர்கள் அணை போட்டார்கள். நாம்? 1976 ஆகஸ்டில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் 80க்கு மேற்பட்ட அணிசேரா நாடுகளைக் கூட்டி, புதிய பொருளாதார ஒழுங்கு வேண்டும் என்று அழகான பிரகடனம் எழுதினோம். 46 ஆண்டு கழித்து எரிபொருள் வரிசையில் நின்றோம். 2022 ஆகஸ்டில் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது எத்தனை படகு கடலுக்குப் போகாமல் கரையில் கிடந்தது என்று சங்கத் தலைவர்களைக் கேளுங்கள்.

இந்தியா 50 கோடி டொலர் எரிபொருள் கடன் தந்தது. தமிழகம் 40,000 தொன் அரிசி அனுப்பத் தீர்மானித்தது. நன்றி மறக்கலாகாது. ஆனால் அது வெள்ளத்தில் வந்த தோணி, அணை அல்ல.

அணைக்குரிய இடம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. சீனன்குடாவில் 99 பழைய எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசியிடம், 24 நம் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இருவரின் கூட்டுக் கம்பனியிடம். அந்த 61இல் பத்தைச் சிறு நாடுகளின் பொதுக் கையிருப்புக்கு ஒதுக்குங்கள் என்பதே நம் கோரிக்கை. வெப்பத்தில் எண்ணெய் விரியும், விளிம்புவரை நிரப்ப முடியாது. தாங்கிக்கு 10,000 தொன் என்றே வைப்போம். ஒரு இலட்சம் தொன் டீசல். தொன் 700 டொலர் என்று கொண்டால் 7 கோடி டொலர். நான்கு நாடுகள் பகிர்ந்தால் தலைக்கு ஒன்றேமுக்கால் கோடி.

பெயின்ற் அடித்தால் தாங்கி தயாராகிவிடாது. காட்டை வெட்டி வழி எடுத்த பின், தகட்டின் தடிப்பைக் கேளா ஒலிக் கருவியால் அளக்க வேண்டும். பழைய தாங்கி பெரும்பாலும் அடியில்தான் கெடும். எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் தங்கி, தகட்டைக் குழிகுழியாக அரிக்கும். பிறகு தண்ணீர் நிரப்பி, கசிகிறதா, அத்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றிலும் தடுப்பணை, பெரிய தாங்கி முழுதும் உடைந்தாலும் அதற்கு மேல் பத்து வீதம் கொள்கிற அளவில். இங்கேயும் அதே பழமொழிதான்! நுரைத் தீயணைப்புக் குழாய் கடைசியில் அல்ல, எண்ணெய் வருமுன்.

பெற்றோல் வேண்டாம், ஆவியாகும், மிதக்கும் கூரை தேவை. டீசலோடு தொடங்கலாம். அதிலும் ஒன்று: டீசல் கிடந்தால் கெடும். அடியில் நீர் தங்கினால் நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். ஆகவே நீரை ஒழுங்காக வடிக்க வேண்டும், பழையதைச் சந்தைக்கு விட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். சுழற்சி இல்லாத கையிருப்பு வெறும் சேறு.

பொதுக் கையிருப்பு இதற்கு முன்பும் இருந்தது, என்ன ஆயிற்று என்பீர்கள். நியாயமான கேள்வி. தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கின் உணவுக் கையிருப்பு 1988இல் தொடங்கியது. ஒரு முறையும் பயன்படவில்லை. எடுக்கும் விதி அவ்வளவு கடினம், தானியம் அவரவர் களஞ்சியத்தில், விலையை அவசர நேரத்தில் பேசித் தீர்க்க வேண்டும். தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகள் சீனா, ஜப்பான், தென் கொரியாவோடு சேர்ந்து 7,87,000 தொன் அரிசியை யார் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்தன. அந்த வழிதான் நமக்கு. பங்கு, விலைச் சூத்திரம், எத்தனை நாளில் கப்பலில் ஏற்றுவது, மூன்றும் முதலிலேயே எழுத வேண்டும்.

சமாதானத்துக்கு வருகிறேன். 1971 டிசம்பரில் இலங்கை கொண்டுபோன பிரேரணையால் இந்து சமுத்திரம் சமாதான வலயம் என்று ஐநா பொதுச்சபை அறிவித்தது. 61 ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 55 நடுநிலை. சீனாவைத் தவிர வேறு எந்த வல்லரசும் ஆதரிக்கவில்லை. இந்து சமுத்திரத்தின் நடுவே டியேகோ கார்சியா தீவில் அமெரிக்க இராணுவத் தளம் எழுந்தது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின, ஒன்று ஒரு தாங்கியிலேயே போய் விழுந்தது. போர்க்கப்பலுக்கு எண்ணெய் வைத்த இடம் குண்டுக்கு இலக்கு. பல நாட்டு மக்களின் பொதுச் சொத்து அங்கே இருந்தால் குண்டு போடுகிறவன் இரண்டு முறை யோசிப்பான்.

சுயநிர்ணயம் பற்றி நிறையப் பேசலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனித உரிமைகள் பற்றிய 1966இன் இரு சர்வதேச உடன்படிக்கைகளிலும் முதலாம் உறுப்புரை ஒன்றே: எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை, தம் இயற்கை வளத்தைத் தாமே கையாளும் உரிமை. தாங்கிகள் பற்றிக் கொழும்பும் டெல்லியும் 1987இல் கடிதம் பரிமாறினார்கள், 2003இல் குத்தகை எழுதினார்கள், 2022இல் மீண்டும் எழுதினார்கள். எதிலும் இந்த மாவட்டத்தின் ஒப்பம் இல்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

கோரிக்கையின் வரைவு மூன்று மொழியிலும் வாசல் மேசையில் இருக்கிறது. பத்துத் தாங்கி, டீசல் மட்டும், கண்காணிப்புக் குழுவில் மீனவருக்கும் விவசாயிகளுக்கும் ஆளுக்கொரு ஆசனம். வாசித்துவிட்டு ஒப்பமிடுங்கள். கணக்கில் பிழை கண்டால் ஓரத்தில் எழுதுங்கள், திருத்தித்தான் அனுப்புவோம். வணக்கம்.