'இதை இதால வகுத்தா இது வரும்'

நேயர்களுக்கு வணக்கம்.

ஒலிப்பதிவு அறைக்குள் நுழையும் முன் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஒன்று சொன்னார்: "சார், பேச்சுல 'இது', 'அது', 'இங்கே பாருங்க' எல்லாம் வேண்டாம். கேக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது." சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கல்லூரியில் முப்பது வருடம் கணக்கு எடுத்தவன் நான். வேலையில் சேர்ந்த அன்றே இதை யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

பி.ஏ. பொருளாதார மாணவர்களுக்குப் புள்ளியியல் தாள் என்னுடையது. ஒரு வருடம் பார்வையில்லாத மாணவர் ஒருவர் முதல் பெஞ்சில் இருந்தார். நான் பலகையைப் பார்த்தபடியே, "இதை இதால வகுத்தா இது வரும், புரியுதா?" என்பேன். "புரியுது சார்" என்று வகுப்பே சொல்லும். அவரும் சேர்ந்து சொல்வார். ஒரு நாள் பின்னாலேயே வந்து, "சார், எழுதும்போது வாய்விட்டுப் படிச்சீங்கன்னா போதும் சார்" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. அன்றிலிருந்து, "விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டுகிறோம், உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறோம், வர்க்கமூலம் எடுக்கிறோம்" என்று முழுசாகச் சொல்ல ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சுக்காரர்களும் அதற்குப் பிறகுதான் நோட்டில் ஒழுங்காக எழுதினார்கள். என் கையெழுத்து அவர்களுக்கும் விளங்கியதில்லை போலிருக்கிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் அவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. தேர்வில் சொல்வதை எழுத ஆள் உண்டு, கூடுதல் நேரம் உண்டு. ஆனால் தேர்வு மூன்று மணி நேரம். வகுப்பு மூன்று வருடம்.

பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் தமிழ்நாடு நிறையவே செய்திருக்கிறது. 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. 2021-22 கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம், நமக்கு 47. அரசுப் பள்ளியில் படித்து வரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வகுப்புக் கதவைச் சாத்திய பிறகு நடப்பதற்குத்தான் அரசாணை கிடையாது. அது எங்கள் கையில் இருக்கிறது.

கணினி அறிவியல் மாணவர்களுக்குத் துணைப்பாடமாகக் கணக்கு எடுத்த வருடம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த ஒரு பெண், முதல் டெஸ்டில் தாளை வெறுமையாகக் கொடுத்திருந்தார். கூப்பிட்டு, "டிட்டர்மினன்ட் கூடவா போடத் தெரியாது?" என்று கேட்டேன். பதில் இல்லை. மூன்றுக்கு மூன்றாக எண்களை எழுதி இரண்டு பக்கமும் கோடு போட்டேன். "ஐயோ, அணிக்கோவையா சார்!" என்றவர், இரண்டு நிமிடத்தில் விடையை எழுதி நீட்டினார். தெரியாதது கணக்கு இல்லை, அதற்கு நான் சொன்ன பெயர். அதை நான் 'பேசிக்ஸ் வீக்' என்று மனசுக்குள் எழுதி முடித்திருந்தேன்.

பிறகு பலகையின் ஓரத்தில் ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல் இரண்டையும் எழுதுவது வழக்கமாயிற்று. மேட்ரிக்ஸ், அணி. ரோ, நிரை. 'காலம்' (column), நிரல். இன்வர்ஸ், நேர்மாறு. சொல்லுக்கு ஐந்து நொடி ஆகும். "இப்படிச் செல்லம் கொடுத்தா தரம் என்னாகும்?" என்றார் சக ஆசிரியர் ஒருவர். அணியின் 'ரேங்க்'குக்கும் தமிழ்ப் பாடநூலில் தரம் என்றுதான் பெயர், நிரைகளை இடம் மாற்றினாலும் அது குறையாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வினாத்தாளை நான் ஒரு மதிப்பெண் அளவுக்குக்கூட லேசாக்கவில்லை என்பதையும் அவர் நம்பவில்லை.

கடைசியாக, சொல்லவே கூச்சமான ஒன்று. அலுவலகத்திலிருந்து உதவியாளர் சுற்றறிக்கையோடு வருவார். பாடத்தை நிறுத்திவிட்டு அதை உரக்கப் படித்துவிட்டு, "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்திருங்க, பேர் எழுதிக்கட்டும்" என்பேன். அறுபது பேர் பார்க்க, சிலர் எழுந்து நிற்பார்கள். எத்தனை வருடம் இப்படிச் செய்தேன் என்று எண்ணிப் பார்க்கத் தைரியமில்லை. அதில் தவறு இருப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு வருடம் ஒரு மாணவன் எழுந்திருக்கவில்லை. கடைசித் தேதி போய்விட்டது. பணம் கட்டாதவர்கள் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, அன்னைக்கே எழுந்திருச்சிருக்கலாமே?" என்று கேட்டேன். "ரூம்ல கூட இருக்கறவங்களுக்குத் தெரியாது சார்" என்றான். அந்த வருடக் கட்டணத்தைக் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிக் கட்டினான்.

அதற்குப் பிறகு சுற்றறிக்கையை வாங்கி வைத்துக்கொள்வேன், வகுப்பில் படிக்க மாட்டேன். சேர்க்கைப் பட்டியல் அலுவலகத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்து, உரியவர்களுக்கு மட்டும் தனித்தனியாகச் சொல்லி அனுப்புவேன். கைப்பேசி வந்த பிறகு அதுவும் சுலபமாகிவிட்டது. இரண்டு நாள் தாமதமாகிறது என்று அலுவலகத்தில் என்மேல் வருத்தம், கடைசி வரை இருந்தது.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.