கொம்பா, காதா, துதிக்கையா?

(காரைக்குடியில் ஒரு நூலக விழாவில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: படக்கதைக்கு அழகு தேர்ந்த கைத்திறனே! கள்ளமில்லாத மனமே! 'மனமே' அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, வெளியே வெள்ளைப் பணியாரம் வேகும் வாசனை வந்த பிறகும் நாற்காலியை விட்டு எழாத காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம். மற்ற வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர் எட்டு நிமிடம் சொன்னார். அதில் என் பங்கும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரணித் தலைவர் முப்பது ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவர். சாக்பீஸை வைத்துக் கரும்பலகையில் ஒரே சுழற்றில் வட்டம் போடுவார்; காம்பஸ் வெட்கப்படும். அவர் பேசியது இதுதான். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவி வந்தான். அந்த மாயாவியை வரைந்த ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் நிழலும் வெளிச்சமும் இவருடைய தூக்கத்தைக் கெடுத்தன. ஐயா, என் தூக்கத்தையும் அவர்தான் கெடுத்தார். அதில் நமக்குள் சண்டை இல்லை.

சண்டை அதற்கப்புறம். எங்கள் அணி எடுத்துக்கொண்ட அமெரிக்கப் படக்கதை ஓவியர் ஜேம்ஸ் கோச்சல்காவின் பெயரைக் கேட்டதும், "பாண்டியன் கோச்சடையானுக்குத் தம்பி முறையோ?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவைக்கு அணி கிடையாது. பிறகு கோச்சல்காவின் படம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதை என் மூன்று வயதுப் பேத்தி இடது கையால் வரைவாள்" என்றார். மண்டபம் அதிர்ந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கள் அணித் தலைவர் தண்ணீர் குடித்தார். நான் பேச வைத்திருந்த குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். இனி அந்தப் பேத்தியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு சந்தேகம். பேத்திக்கு இடது கைப்பழக்கமாக இருந்தால்? அப்படியானால் அது பாராட்டு அல்லவா, நடுவர் அவர்களே?

வரையத் தெரியாததால் இப்படி வரைகிறார் என்கிறார்கள். கோச்சல்கா பால்டிமோரில் உள்ள கலைக் கல்லூரியில் முறையாகப் படித்து முதுகலைப் பட்டம் வாங்கியவர். எல்லாம் தெரிந்துகொண்டு, அதன்பிறகு பேத்தியிடம் போய்ச் சேர்ந்தவர். 1998 அக்டோபரில் தொடங்கி 2012 டிசம்பர் கடைசி நாள் வரை, 14 ஆண்டுகள், தன் வாழ்க்கையைத் தானே நாட்குறிப்புப் படக்கதையாக வரைந்தார். பெரும்பாலும் நாலு கட்டம். அதில் தனக்குக் கூர்க்காது வைத்துக்கொண்டு ஒரு குட்டிப் பூதம்போல உலவுவார். அன்றைக்கு அணு குண்டு வெடித்ததா, ஆட்சி கவிழ்ந்ததா என்று அந்த நாலு கட்டத்தில் தேடாதீர்கள். பூனை என்ன செய்தது, மனைவியிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார், பனியில் நடக்கும்போது என்ன தோன்றியது, அவ்வளவுதான். தலைவர் அவர்களே, உங்கள் பேத்தி ஒரு நாள் வரைவாள். பதினாலு வருஷம் விடாமல் வரைவாளா? சாப்பிடும் நேரத்தையாவது பதினாலு நாள் விடாமல் ஒழுங்காக வைத்திருப்பாளா? நானே வைத்திருப்பதில்லை.

2011-ல் வெர்மாண்ட் மாநிலம் அவரைத் தன் முதல் அரசவைப் படக்கதை ஓவியராக்கியது. நம் ஊரில் அரசவைக் கவிஞர் என்று ஒரு பதவி இருந்தது நினைவிருக்கிறதா? அங்கே படக்கதைக்கே அப்படி ஒரு நாற்காலி போட்டார்கள். அதில் முதலில் போய் உட்கார்ந்தவர் இந்தப் "பேத்தி".

கைத்திறனை அவர் பகை என்று சொன்னாராம், அதைப் பெரிய குற்றமாக வைத்தார்கள். சொன்னார். 1996-ல் 'தி காமிக்ஸ் ஜர்னல்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். சக ஓவியர்களே மறுப்பு எழுதினார்கள். ஆனால் அவர் சொன்னதை முழுக்கப் படிக்க வேண்டாமா? கை நன்றாகத் தேறட்டும், அப்புறம் பெரிய கதை வரையலாம் என்று காத்துக்கொண்டே இருப்பவன் கடைசிவரை வரையவே மாட்டான். இன்றைக்குக் கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்து இன்றைக்கே தொடங்கு. இதுதான் கடிதத்தின் சாரம். வீடு கட்டி முடிந்தபிறகுதான் கல்யாணம் என்று நாற்பது வயதில் இன்னும் தளம் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

தளம் என்றதும் நினைவு வருகிறது. "செட்டிநாட்டு மண்ணில் நின்றுகொண்டு கைத்திறன் வேண்டாம் என்பதா? கையால் தள ஓடு செய்யும் ஆத்தங்குடிக்காரர்கள் அடிக்க வருவார்கள்" என்றார் எதிரணியின் முதல் பேச்சாளர். நான் போன மாதம் ஆத்தங்குடி போனேன், யாரும் அடிக்கவில்லை. ஒரு பட்டறையில் நின்று பார்த்தேன். கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒருவர். சாயம் ஊற்றி முடிந்ததும் அச்சை எடுக்கிறார். அந்த நொடியில் சிவப்பு கொஞ்சம் பச்சைக்குள் போகிறது. மேலே சிமெண்டும் மணலும் தூவி, அழுத்தி, காயவைத்து, தண்ணீருக்குள் போட்டு எடுத்தால் கண்ணாடிப் பக்கம் முகம்போலப் பளபளக்கிறது. சூளை கிடையாது, சுடுவது கிடையாது. நான் கேட்டேன்: "அண்ணே, இந்தப் பூ கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே?" அவர் நிமிராமலே சொன்னார்: "சாயாத பூ வேண்டுமென்றால் மெஷின் ஓடு வாங்கிக்கொள்ளுங்கள்." தலைவர் அவர்களே, உங்கள் சாட்சி எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

கோச்சல்காவின் கோடு அந்தச் சாய்ந்த பூ. குரங்குகளும் ரோபோக்களும் மோதிக்கொள்ளும் அவருடைய 2000-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பேச்சே அபூர்வம். காட்டுக்குள் ஒரு தொழிற்சாலை, இந்தப் பக்கம் குரங்கு, அந்தப் பக்கம் இயந்திரம், அடிதடி. 2008-ல் ஜானி பூ என்று ஒரு குட்டிப் பேயை உண்டாக்கினார். அந்தப் பேயின் மகா சக்தி என்ன தெரியுமா? உரக்க "பூ!" என்று கத்துவது. அவ்வளவுதான் சக்தி. நம் வீட்டில் கதவு இடுக்கில் ஒளிந்திருந்து நம்மைப் பயமுறுத்தும் பிள்ளைக்கும் அதே சக்திதான். நாமும் பயந்ததாக நடிக்கிறோம். தசை நரம்பெல்லாம் எண்ணி வரைந்த பேயாக இருந்தால் நடிக்கவேண்டியிருக்காது, காய்ச்சல் வந்திருக்கும்.

சரி. இப்போது என் வீட்டுக் கதை. நடுவர் மணியின்மேல் கை வைக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, இதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்.

என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், கல்யாணமான ஆறாவது மாதம் மலேயாவில் உள்ள ஈப்போவுக்குக் கப்பல் ஏறினார். வட்டிக்கடையில் அடுத்தாள் வேலை. மாதம் ஒரு கடிதம் வரும். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை ஐயாவின் அப்பச்சி பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து வளவு முழுக்க, அதாவது வீடு முழுக்க, கேட்கும்படி வாசிப்பார். நலம், நலமறிய ஆவல், ரப்பர் விலை, ஈய விலை, ஆத்தாவின் மூட்டுவலி எப்படி. புது மனைவிக்கு அதில் ஒரு சொல் இருக்காது. எப்படி இருக்கும்? வாசிக்கிறவர் மாமனார்! ஆனால் கடிதத்தின் அடியில், கையெழுத்துக்குக் கீழே, ஒரு படம் இருக்கும். நாலு கால். ஒரு வால். தலைக்குமேல் இரண்டு வளைவு. கொம்பா, காதா, யாருக்கும் தெரியாது. வயிறு பலாப்பழம் மாதிரி.

முதல் கடிதம் வந்த அன்று வளவில் பட்டிமன்றம். அப்பச்சி சொன்னார்: "பசு. பையன் அங்கே ஏதோ பால் வியாபாரம் பார்க்கிறான்." கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "யானை ஐயா. இது துதிக்கை" என்றார். "துதிக்கை பின்னாலா இருக்கும்?" என்றார் அப்பச்சி. ஆத்தா எட்டிப் பார்த்து, "ஐயையோ பெருச்சாளி, அந்த ஊரில் கொள்ளைநோய்" என்று அழ ஆரம்பித்தார். சமையல்காரம்மாள் கரண்டியோடு வந்து, "பெருச்சாளிக்குக் கொம்பு ஏது ஆச்சி? இது கால் முளைத்த பலாப்பழம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்.

பின்வரிசையில் இருப்பவர்களுக்காக இன்னொரு முறை: பசு, யானை, பெருச்சாளி, பலாப்பழம். ஒரே படம்.

அப்பச்சி விடவில்லை. பதில் கடிதத்தில் எழுதினார்: "நீ குறிப்பிட்ட பசு என்ன விலை? கன்றோடா, தனியாகவா?" ஈப்போவில் ஐயா தலையைச் சொறிந்தார். பசு எங்கிருந்து வந்தது? அப்பச்சி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? விசாரித்து விலை எழுதினார். அப்பச்சி, "அதிகம், குறைத்துக் கேள்" என்று எழுதினார். இப்படி இரண்டு வருஷம், கடல் கடந்து, இல்லாத ஒரு பசுவுக்குப் பேரம் நடந்தது. கதவுக்குப் பின்னால் அப்பத்தா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றார்.

ஏனென்றால் அது என்ன என்று அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போன மாப்பிள்ளை, விடியற்காலையில் சரிகை வேட்டியோடு ஊருணிப் பக்கம் நடக்கப் போனார். அங்கே அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று நின்றது. நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் அடிக்கக் கூடாது. அது அந்தக் கிடாவுக்கும் தெரியும். துரத்தியது. மாப்பிள்ளை ஓடினார். மாப்பிள்ளை ஊருணிக்குள் விழுந்தார். படித்துறையில் குடத்தோடு நின்று அதைப் பார்த்தவர் ஒரே ஓர் ஆள், அப்பத்தா. "யாரிடமும் சொல்லாதே" என்றார் ஐயா, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு. கணவனும் மனைவியும் தனியாகப் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான்.

நடுவர் அவர்களே, ஐயாவுக்கு எதிரணித் தலைவரின் கை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தத்ரூபமான கிடா! அப்பச்சி பார்த்த மாத்திரத்தில், "எந்தக் கிடா? ஏன் கிடா?" என்று குடைந்து மானம் கப்பல் ஏறியிருக்கும். வரையத் தெரியாததால்தான் வளவு முழுக்க நாற்பது பேர் பார்த்த படம் ஒருத்திக்கு மட்டும் கடிதமாக இருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம்.

1941 டிசம்பரில் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்தது. கடிதம் நின்றது. மூன்றரை வருஷம் தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டித் தாண்டிப் போனார். பசு விலை பேச ஆளில்லை. போர் முடிந்து ஒருநாள் கடிதம் வந்தது. அப்பச்சி பட்டாலையில் உட்கார்ந்தார், குரல் வரவில்லை, கணக்குப்பிள்ளைதான் வாசித்தார். "இங்கு யாவரும் சுகம். உணவுக்குக் குறைவில்லை. கவலைப்பட வேண்டாம்." ஆத்தா சாமி அறைக்கு ஓடினார். சமையல்காரம்மாள் பாயசத்துக்கு அடுப்பு மூட்டினார்.

அப்பத்தா கடிதத்தைக் கையில் வாங்கி அடியில் பார்த்தார். கிடா இருந்தது. பலாப்பழ வயிறு இல்லை. அந்த இடத்தில் ஏழெட்டுக் கோடு, விலா எலும்பு. கால்கள் ஈர்க்குச்சி.

அன்று அந்த வீட்டில் பாயசம் குடிக்காதவர் ஒருவர்தான். பதில் கடிதம் எழுதி முடிந்து உறையில் போடும் நேரத்தில், அப்பத்தா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கணக்குப்பிள்ளையிடம் பேனாவைக் கேட்டார். அதுவரை அவர் பேனாவைத் தொட்டதில்லை. கடிதத்தின் அடியில் ஏதோ வரைந்தார். அப்பச்சி வாங்கிப் பார்த்து, "துடைப்பமா?" என்றார்.

அப்பத்தா பதில் சொல்லவில்லை. எனக்கு மட்டும், நாற்பது வருஷம் கழித்துச் சொன்னார்: புல்லுக்கட்டு.