அந்த இரண்டாவது ‘இல்லை’

நடுவர் அவர்களுக்கும் டர்பன் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மாற்றுக் கருத்தை மதிக்கக் கற்றுத்தர, வகுப்பில் அரசியல் பேசலாமா கூடாதா? பேசியே ஆகவேண்டும் என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் ஒரு கதை சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டுப் போனார். அவருடைய இரண்டு பெரியப்பாக்களில், 1984இல், வெள்ளையருக்கும் கலப்பினத்தாருக்கும் இந்தியருக்கும் தனித்தனி அவை வைத்து, கறுப்பரை வெளியே விட்ட மூன்று அவை நாடாளுமன்றத்துக்கு வோட்டுப் போடலாம் என்றாராம் ஒருவர், போட்டால் துரோகம் என்றாராம் மற்றவர். பிரியாணிச் சட்டி முன்னால் வந்த சண்டை, சாகும்வரை பேச்சில்லை. ‘இந்தக் கூத்து வகுப்பிலும் வேணுமா?’ என்று கேட்டார்.

ஐயா, அவர்கள் எங்கே படித்தார்கள் என்றும் நீங்களே சொன்னீர்கள். சாலிஸ்பரித் தீவில், 1961இல் இந்தியர்களுக்கென்று பிரித்துத் திறந்த கல்லூரி. பக்கத்து பெஞ்சில் ஒரு ஜூலு பையன் உட்கார முடியாது, அன்றைய நிறவெறிச் சட்டமே விடாது. வேறு மாதிரி வாழ்ந்தவனோடு உட்கார்ந்து பேசும் பழக்கம் பதினெட்டு வயதில் கிடைக்கவில்லை, அப்புறம் பிரியாணிச் சட்டி முன்னால் மட்டும் எங்கிருந்து வரும்? அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த அண்ணன் தம்பி பேசியிருப்பார்கள்.

சரி, என் வகுப்புக்கு வாருங்கள். 2024 மே 29 தேர்தல் முடிந்த மறுவாரம். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் முதல் தடவையாகப் பெரும்பான்மை இழந்திருக்கிறது, நம் குவாஜூலு-நட்டால் மாகாணத்தில் முன்னாள் அதிபர் ஜூமாவின் புதுக்கட்சி எம்.கே. 45 சதவீதம் வாங்கியிருக்கிறது. உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாம் வாழ்க்கையில் முதல் வோட்டுப் போட்டவர்கள். நான் வைத்தது ஒரே விதி: எதிராளி சொன்னதை நீ திருப்பிச் சொல்லணும், அவர் ‘ஆமாம், இதுதான்’ என்று சொன்ன பிறகுதான் உன் பதில்.

கறுப்பர் குடியிருப்பான குவாமாஷுவிலிருந்து ஒரு பையன். ‘2021 ஜூலையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் ஃபீனிக்ஸ் வழியாகப் போனார், திரும்பவில்லை, கேட்க நாதியில்லை, அதனால் எம்.கே.வுக்குப் போட்டேன்’ என்றான். ஜூமாவைச் சிறையில் போட்டதும் வெடித்த அந்தக் கலவரத்தில், இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் மட்டும் 36 உயிர் போனது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது ஃபீனிக்ஸ் பெண், நம் தமிழ்ப் பிள்ளை.

‘நீ ஜூமாவுக்காகப் போட்டாய்’ என்றாள். அவன், ‘இல்லை.’

‘இந்தியர்கள் மேலுள்ள கோபத்தில் போட்டாய்.’ ‘இல்லை.’

அந்த இரண்டாவது ‘இல்லை’யை எப்படிச் சொன்னான் தெரியுமா? குரலை உயர்த்தவில்லை, அவள் முகத்தைப் பார்த்து, மெதுவாக, ‘இல்லை.’ முப்பது பேர் இருந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எழுந்து போய்விடுவாளோ என்று நான் பயந்தேன். போகவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், அப்புறம் சொன்னாள்: ‘உங்கள் தெருக்காரருக்கு என்ன ஆச்சு என்று கேட்க ஓர் ஆள் வேணும் என்று போட்டாய்.’

‘ஆமாம். இதுதான்.’

பிறகு அவள் முறை. அப்பா மூன்று ராத்திரி ரோட்டில் தடுப்புப் போட்டு நின்றதையும், தானும் அம்மாவும் தூங்காமல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள். அவனுக்கும் இரண்டு தடவை தப்பியது. மூன்றாவதில், ‘எங்களைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள்’ என்றான், அவள் தலையாட்டினாள்.

இன்றைக்கும் அவன் வோட்டு தப்பு என்பாள் அவள், அவள் வோட்டு தப்பு என்பான் அவன். அதில் ஒன்றும் மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நடுவர் மணி அடித்தாலும் பரவாயில்லை. அந்த வருஷக் கடைசியில் அவளுடைய பாட்டி இறந்துவிட்டார். ஃபீனிக்ஸ் வீட்டு வாசலில் பந்தல், சொந்தம் எல்லாம் கூடியிருக்கிறது. கேட்டுக்கு வெளியே, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிற்கிறான் அந்தப் பையன். அழுதுகொண்டிருந்த பிள்ளை எழுந்து, ‘அப்பா, என் வகுப்புப் பையன், எனக்கு எதிர்க்கட்சி’ என்றாள். மூன்று ராத்திரி தடுப்பில் நின்ற மனிதர் அவர். ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் போய்க் கேட்டைத் திறந்து, தன் கையாலேயே ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.