பாரத மாதா போல ஜப்பானுக்கு ஒரு தாய் உருவம் உண்டா?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். "நமக்குப் பாரத மாதா, பிரான்சுக்கு மரியான். ஜப்பானுக்கு அப்படி ஒரு பெண் உருவம் உண்டா? சூரிய தேவி அமதெராசுதான் அதுவா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

மரியான் அளவுக்கு மக்கள் மனத்தில் ஊன்றிய உருவம் ஜப்பானுக்கு இல்லை. அமதெராசு பெரிய தெய்வம்தான், இசே ஆலயத்தில் வழிபடுகிறார்கள். ஆனால் பேரரசர் குடும்பத்தின் மூதாதை என்பதுதான் அவருக்கு மரபில் உள்ள இடம். இசேயில் அவருடைய புனிதப் பொருளும் சிலை இல்லை, ஒரு கண்ணாடி. அதையும் யாருக்கும் காட்டுவதில்லை.

ஏன் இப்படி? நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிரான்சில் 1792இல் மன்னராட்சியை ஒழித்தார்கள். அரசு முத்திரையில் மன்னர் இருந்த இடத்துக்கு வேறு முகம் வேண்டியிருந்தது, ஒரு பெண் வந்தாள். இந்தியாவில் ஆட்சி அந்நியரிடம் இருந்தது. 1905இல் வங்காளத்தைப் பிரித்த நேரத்தில் அவனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை வரைந்தார். ஜப்பானில் 1868இல் புதிய அரசு அமைந்தபோது பேரரசரையே நடுவில் வைத்தார்கள், நாட்டின் முகம் அவரே ஆனார். போரில் தோற்ற பிறகு, 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் முதல் பிரிவே அவரை நாட்டின் சின்னம், மக்கள் ஒற்றுமையின் சின்னம் என்கிறது. பாஸ்போர்ட் அட்டையில் இருக்கும் பதினாறு இதழ் சாமந்தியும் பேரரசர் குடும்பச் சின்னத்தை ஒட்டியதுதான். இதை எல்லா நாட்டுக்கும் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் மன்னரும் உண்டு, பிரிட்டானியா என்ற பெண் உருவமும் உண்டு.

ஒரு பெண் முகம் மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. 1881இல் வெளியான ஒரு யென் நோட்டில் பேரரசி ஜிங்கூ இருந்தார். புராணக் காலத்து அரசி, அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. செதுக்கியவர் கியோசோனே என்ற இத்தாலியர். அந்த நோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள், மூக்கும் தாடையும் ஐரோப்பியப் பெண்ணைப் போலவே இருக்கும். மேலும், கொரியாவை வென்றவர் என்பதுதான் ஜிங்கூவின் கதை. எல்லோருக்கும் தாயாகும் உருவம் அது இல்லை என்றே நினைக்கிறேன்.

அப்புறம், நேயர் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. அவனீந்திரநாத்தின் பாரத மாதா காவி உடையில் நிற்கிறாள். நான்கு கைகளில் சுவடி, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை. கோடுகள் கரைந்து, பனிமூட்டத்தில் நிற்பது போல இருக்கும். அந்த நீர்வண்ண முறைக்குத் தூண்டுதல் ஜப்பானிலிருந்து வந்தது. ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா ககுசோ 1902இல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகினார். அடுத்த ஆண்டு யோக்கோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஓவியர்கள் அங்கே வந்தார்கள். தைக்கான் வரைவதைப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் அவனீந்திரநாத் தன் பாணியை அமைத்துக்கொண்டார்.

ஒகாகுராவைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். சரி, அடுத்த கேள்வியைப் பார்க்கலாம்.