முப்பதடிக் காட்டுக்குள் ஒரு நடை

புதுச்சேரி, கடலூர் வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

கடலோர மழைக்காட்டுப் பாதைகளில் நடந்து திரிவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். நம் கரையில் மழைக்காடு ஏது என்று திருப்பிக் கேட்டேன். இருக்கிற காட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். அப்படியானால் சொல்ல நிறையவே இருக்கிறது.

முதலில் அசல் கடலோர மழைக்காடு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவு இருக்கிறது. அதன் ஓரமாக 75 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை. ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற செடார், ஸ்ப்ரூஸ் மரங்கள். 1906 ஜனவரியில் வலென்சியா என்ற பயணிக் கப்பல் அங்கே பாறையில் மோதி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கப்பல் உடைந்தது கரைக்குப் பக்கத்தில்தான். ஆனால் கரை சேர்ந்தாலும் போவதற்கு வழியில்லை, காட்டுக்குள் ஒரு தந்திக் கம்பி மட்டும் ஓடியது. அதன் பிறகு அந்தத் தந்தித் தடத்தையே சீர்செய்து, கப்பல் உடைந்து கரையேறுகிறவர்கள் நடந்து தப்பிக்க ஒரு பாதை போட்டார்கள். உயிர் பிழைக்கப் போட்ட வழியில் இன்று ஆசைக்காக நடக்கிறார்கள். முழுக்க நடந்து முடிக்க ஒரு வாரம் பிடிக்கும். மே முதல் செப்டம்பர் வரைதான் திறந்திருக்கும், முன்பதிவும் வேண்டும். ஏணி ஏற வேண்டும், கம்பியில் தொங்கும் தொட்டிலில் உட்கார்ந்து கையால் இழுத்து ஆற்றைக் கடக்க வேண்டும், கடல் வற்றுகிற நேரம் பார்த்துக் கரையோரம் இறங்க வேண்டும். ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும்.

நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,300. அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது நினைவிருக்கும். ஒரு வருட மழையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு நாளில். அப்புறம் தை பிறந்துவிட்டால் ஆனி வரைக்கும் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் இங்கே கோடையில் மொட்டையாக நிற்கிற காடுதான் இருக்க வேண்டும். ஆனால் சித்திரை வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது, காய்ந்த வயலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே திடீரென்று கரும்பச்சையாக ஒரு திட்டு தெரியும். கிட்டே போனால் ஐயனார் கோயில். அந்தத் திட்டுதான் நம் காடு. தாவரவியலார் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்துகிறார்கள். சோழமண்டலக் கரையை ஒட்டி ஓர் ஒடுங்கிய பட்டையில் இருக்கிறது. ஒரு காலத்தில் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், இப்போது மிஞ்சியிருப்பவை துண்டுகள். இந்தியாவிலேயே மிகவும் குறைந்துபோன காட்டு வகைகளில் இதுவும் ஒன்று.

மாதக்கணக்கில் மழை இல்லாமல் இலையை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். சின்ன இலை, தோல் போலத் தடிப்பு, மேலே பளபளப்பு. தண்ணீரைச் சுலபத்தில் வெளியே விடாது. மரம் அவசரப்பட்டு வளராது. முப்பது, நாற்பது அடிக்கு மேல் போகாது, போனால் புயல் காற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். கட்டையில் நல்ல வைரம் இருக்கும். நம் காட்டுப் பாலை மரத்துக்கு உலக்கைப் பாலை என்றே பெயர், உலக்கை செய்ய அவ்வளவு தோதான மரம். கடற்காற்றில் வருகிற ஈரமும் விடியற்காலைப் பனியும் கொஞ்சம் கைகொடுக்கின்றன. மழைக்காட்டு மரத்துக்கு வெளிச்சத்துக்காகப் போட்டி. இங்கே வெளிச்சம் வேண்டிய மட்டும் இருக்கிறது, தண்ணீருக்குத்தான் சிக்கனம். அதனால்தான் பெரிய மரத்தைத் தேடி வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். கையளவு பருமன்தானே என்று நினைக்கிற மரத்துக்கு உங்கள் தாத்தா வயது இருக்கலாம்.

நடக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கீழ்ப்புத்துப்பட்டு. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில், காலாப்பட்டைத் தாண்டி. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் என்றால் யாரும் காட்டுவார்கள். கோயிலைச் சுற்றித்தான் காடு. வாசலில் மண் குதிரை, பொங்கல் வைக்கிற புகை, மொட்டை அடிக்கிற கூட்டம் எல்லாம் இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் விலகி ஒற்றையடித் தடத்தில் இறங்குங்கள். நாலு எட்டு வைத்ததும் வெயில் போய்விடும். கண் பழகச் சிறிது நேரம் எடுக்கும், அவசரப்பட வேண்டாம்.

முதலில் கண்ணில் படுவது காயா மரமாக இருக்கும், அங்கே அதுதான் அதிகம். பூக்கிற காலத்தில் கிளையோடு ஒட்டிக்கொண்டு நீலமாகப் பூத்துக் கிடக்கும். மாயோனின் நிறத்துக்குப் பழம்புலவர்கள் சொன்ன காயாம்பூ இதுதான். பாட்டில் படித்துவிட்டுப் பூவைப் பார்க்காமலே ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் எத்தனையோ பேர், அவர்களை ஒரு நடை கூட்டிப்போக வேண்டும். அப்புறம் வீரை, குருந்து. குருந்துக்கு எலுமிச்சைக் குடும்பம், கீழே விழுந்த இலையைக் கசக்கினால் வாசனை சொல்லிவிடும். மரத்துக்கு மரம் தாவிப் போகிற கொடிகள், சில தொடைப் பருமன். கொடி என்றால் அவரையும் பாகலும் நினைவுக்கு வருகிற நமக்கு அதைப் பார்த்ததும் ஒரு திகைப்பு வரும். ஓரங்களில் களாவும் காரையும் சூரையும். சூரை முள் உள்ளே போகும்போது விட்டுவிடும், திரும்பும்போது பிடித்துக்கொள்ளும். வேகமாக இழுத்தால் சட்டைக்குச் சேதம், நின்று ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும்.

இந்தக் காட்டில் நேராக நடந்தால் அதிக நேரம் ஆகாது, மறுபக்கம் வெளிச்சம் தெரிந்துவிடும். கிலோமீட்டர் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. கைபேசியில் காலடி எண்ணிக்கொண்டு, பத்தாயிரம் முடிந்ததா என்று பார்க்கிறவர்கள் கடற்கரைச் சாலைக்கே போகலாம். இங்கே ஒரே தடத்தில் மூன்று தடவை போக வேண்டும். முதல் தடவை மரம், இரண்டாவது தடவை மரத்தின் மேல் இருப்பவை, மூன்றாவது தடவை தரையில் கிடப்பவை. தரையில் கிடக்கும் கொட்டைகளைப் பாருங்கள். கொண்டைக்குருவியும் குயிலும் வௌவாலும் மரநாயும் தின்று போட்டவை. விதை பரப்புகிற வேலையை இவைதான் பார்க்கின்றன. துண்டு துண்டாகக் கிடக்கிற காடுகளுக்கு இடையில் போக்குவரத்து என்று ஒன்று இருந்தால் அது இவற்றின் வயிற்றில்தான் நடக்கிறது.

கடலூர்ப் பக்கத்து நேயர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம். கெடிலக் கரையில் திருமாணிக்குழி, அப்புறம் குழந்தைக்குப்பம், இரண்டிலும் இதே வகைக் காடு உண்டு. ஆராய்ச்சியாளர்கள் மரம் மரமாக அளந்து பதிவு செய்த இடங்கள்.

இவை பிழைத்திருப்பதற்கு ஒரே காரணம் சாமி பயம். காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. எந்தச் சட்டமும் இவ்வளவு காலம் நின்றதில்லை. ஆனால் இப்போது பக்தி கூடக்கூடக் காடு குறைகிறது, இதைச் சொல்லத்தான் வேண்டும். கோபுரம் பெரிதாகிறது, மண்டபம் வருகிறது, வண்டி நிறுத்த இடம் வேண்டும், சிமெண்ட் தளம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து மரம். ஐயனார் காவல் காக்கிற சாமி, அவருக்குக் காவல் நிற்கும் காட்டை வெட்டி அவருக்கே மண்டபம் கட்டுவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை.

கோயில் காடுகள் விதைக் களஞ்சியம் என்பதற்கு ஆரோவில்லே சாட்சி. 1968இல் அந்த நகரம் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் கிட்டத்தட்ட வெறும் செம்மண். மழை பெய்தால் மண் கரைந்து ஓடிக் கடலே சிவக்கும். வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்தி, முதலில் வேகமாக வளர்கிற வெளிநாட்டு மரங்களை நட்டு நிழல் உண்டாக்கி, பிறகு மிஞ்சியிருந்த கோயில் காடுகளில் விதை பொறுக்கி வந்து இந்த மண்ணின் மரங்களை வளர்த்தார்கள். பிச்சாண்டிக்குளம் காட்டில் அதைப் பார்க்கலாம், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

மழைக்காடு இல்லை என்றேன் அல்லவா? இன்று இல்லை. ஆனால் இருந்ததற்குக் கல்லில் எழுதிய சான்று நம் பக்கத்திலேயே கிடக்கிறது. திண்டிவனம் பக்கம் திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை புதைந்திருக்கும் பாறைக்குப் பெயரே கடலூர் மணற்கல். கிளையும் வேரும் இல்லாமல் அடிமரம் மட்டும் படுத்த வாக்கில் கிடப்பதால், எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்தவை என்கிறார்கள். இந்தக் கடலூர் மணற்கல்லில் கிடைத்த கல்மரங்களில், இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் மலேசியப் பக்கத்து மழைக்காடுகளிலும் ஓங்கி வளர்கிற குடும்பத்து மரங்களும் உண்டு. 1781இல் சோனரா என்ற ஐரோப்பிய இயற்கையாளர் இதைப் பற்றி எழுதினார். அங்கே நடப்பதற்கு அதிகம் இல்லை. கிட்டே உட்கார்ந்து, கல்லுக்குள் மரத்தின் வரி அப்படியே இருப்பதைப் பார்க்க வேண்டும்.

இனி பிச்சாவரம். இங்கே கால் நடக்காது, துடுப்புதான் நடக்கும். சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இரண்டு முகத்துவாரங்களுக்கு நடுவில், ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த சதுப்புக் காடு. 2022இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. மோட்டார் படகில் ஏறி அகல வாய்க்காலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். என் கருத்தில் அது காசுக்குக் கேடு. துடுப்புப் படகு கேளுங்கள், குறுகலான வாய்க்காலுக்குள் போகச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்துக் கிளையும் தலைக்கு மேல் கோத்துக்கொள்ளும், குனிந்துதான் போக வேண்டும்.

அங்கே ஓரத்தில் நிற்பது சுரபுன்னை. தண்டிலிருந்து விலா எலும்பு மாதிரி வளைந்து சேற்றில் ஊன்றிய வேர்கள். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும். ஈட்டி போல நீண்டு தொங்கி, பிறகு விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், அல்லது நீரோடு மிதந்து வேறிடம் போகும். அதற்குப் பின்னால் வெண்கண்டல். சேற்றில் பென்சில் நட்டது போலத் தெரிவது அதன் மூச்சு வேர், சேற்றுக்குள் காற்று இல்லாததால் மேலே நீட்டி மூச்சு விடுகிறது. அப்புறம் தில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம், நடராசர் கோயிலின் தலமரம். நகரத்தில் தேடினால் கிடைக்காது, இங்கேதான் பார்க்க வேண்டும். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். கிளையை ஒடிக்காதீர்கள் என்று படகுக்காரர் சொன்னால் அது மரத்துக்காக மட்டும் சொல்வதல்ல.

கடந்த நூற்றாண்டில் இங்கே பகுதி பகுதியாக மரம் வெட்டினார்கள். வெட்டிய இடம் தாழ்ந்து, கடல் நீர் வந்து தேங்கி, வெயிலில் வற்றி உப்பு ஏறிப்போனது. எதுவும் முளைக்கவில்லை. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், உள்ளே வந்து வெளியே போக வழி செய்தார்கள். அதன் பிறகு நட்டது பிடித்தது. நம் கரையில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்குவதில்லை, அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் இவ்வளவு காடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்தவர்கள், சதுப்புக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று மறு வருடமே எழுதினார்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், அதனால் வேண்டிய விவரங்களை மட்டும் சொல்லி முடிக்கிறேன். தை, மாசி, பங்குனி நல்ல மாதங்கள். கோடையில் போனால் காலை எட்டு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. கோயில் காட்டில் எது வரைக்கும் செருப்போடு போகலாம் என்று பூசாரியிடம் கேளுங்கள், செடிப் பெயரையும் அவரிடமோ ஆடு மேய்க்கிறவரிடமோ கேளுங்கள், சொல்வார்கள். சருகுக்குள் கை விடாதீர்கள், விரியன் இருக்கும். பாட்டுப் பெட்டி வேண்டாம்.

ஐப்பசி வாக்கில் வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவி வந்து சேரும், வெயில் ஏறத் தொடங்கும்போது திரும்பிவிடும். பச்சை முதுகு, வால் அடியில் சிவப்பு, தரையில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும், கண்ணில் சிக்குவது கடினம். ஆனால் காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டை விசில் அடிக்கும். கேட்க வேண்டுமானால் ஐந்தே முக்காலுக்கெல்லாம் காட்டோரம் போய் நின்றுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.