பிச்சிப்பூ கிலோ என்ன விலை? ஸ்ப்ரெட்ஷீட்டில் பார்க்கலாம்

[திரை: தோவாளை பூச்சந்தை, விடியற்காலை. பிச்சிப்பூக் குவியல்.]

தோவாளையில் பிச்சிப்பூ கிலோ என்ன விலை? கேட்பது சுலபம், பதில் சொல்வதுதான் பாடு. ஓணம் நெருங்கி, கேரளத்துக்குப் பூ போகத் தொடங்கினால் விலை எங்கேயோ ஏறிவிடும். இப்படித் துள்ளுகிற விலையை வைத்தே இன்று ஸ்ப்ரெட்ஷீட் பழகுவோம்.

[திரை: வெற்று ஷீட்]

எக்செல், கூகுள் ஷீட்ஸ், எதுவானாலும் சரி. முதல் வரியில் தலைப்பு. ஏ நெடுவரிசையில் கிழமை, பி-யில் விலை. பி2 முதல் பி8 வரை: 400, 450, 400, 500, 450, 400, கடைசி நாள் 1600. இவை உதாரணத்துக்கு நான் போட்ட எண்கள்; சந்தையில் போய் இதைக் காட்டிப் பேரம் பேசாதீர்கள்!

ஒரு விஷயம். செல்லுக்குள், அதாவது கட்டத்துக்குள், 'ரூ.400' என்று அடித்தால் பெரும்பாலும் அது எழுத்தாகிவிடும். சராசரி போடும்போது அந்த நாளையே விட்டுவிட்டுக் கணக்குப் போடும், வாய் திறந்து சொல்லவும் செய்யாது. எண் செல்லின் வலது ஓரம் நிற்கும். இடது ஓரம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள்.

[திரை: பி10, பி11, பி12 செல்கள்]

சமக்குறி போட்டு ஆவரேஜ், அடைப்புக்குறிக்குள் பி2 : பி8. விடை 600.

எந்த நாளில் பூ 600-க்கு விற்றது? ஒரு நாளும் இல்லை. ஏழில் ஆறு நாள் 500-ஐத் தாண்டவே இல்லை. அந்த ஒற்றை 1600 எல்லாவற்றையும் மேலே இழுத்துவிட்டது. அடுத்து மீடியன் போடுங்கள்: 450. விலைகளை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை எடுப்பதால், ஓரத்தில் நிற்கிறவர் எவ்வளவு உயரம் என்று அது பார்ப்பதில்லை. பூ விலை, வீட்டு வாடகை, சம்பளம் போன்றவற்றுக்கு நான் மீடியனைத்தான் நம்புவேன். முகடு, அதாவது மோட், அதிகத் தடவை வந்த விலை: 400.

அப்புறம் திட்ட விலக்கம்: விலைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதன் அளவு. எஸ்டிடெவ் என்று அடித்தால் கிட்டத்தட்ட 443. கடைசி நாளை விட்டுவிட்டு பி7 வரை மட்டும் போட்டுப் பாருங்கள்: 41! ஒரே ஒரு நாள் செய்த வேலை.

[திரை: இன்செர்ட், சார்ட்]

இதையெல்லாம் படம் ஒரு நொடியில் சொல்லியிருக்கும். அதனால் கணக்குக்கு முன்பே படம் போடுவது என் வழக்கம். ஏ1 முதல் பி8 வரை தேர்ந்தெடுத்து, இன்செர்ட் போய், சார்ட். நாள்வாரி விலைக்குக் கோட்டு வரைபடம் பொருந்தும். பட்டை வரைபடம் வேண்டுமென்றால் செங்குத்து அச்சு 0-வில் தொடங்குகிறதா பாருங்கள். 380-இல் தொடங்கினால் 400-க்கு 20 அளவு உயரம், 500-க்கு 120 அளவு. நூறு ரூபாய் வித்தியாசம் ஆறு மடங்கு மாதிரி தெரியும்.

[திரை: ஒன்பதாம் வரி]

எட்டாம் நாள் சந்தை இல்லை என்று வையுங்கள். பி9-இல் 0 போட்டு, சூத்திரத்தையும் பி9 வரை நீட்டினால் சராசரி 525 ஆகிவிடும். பூவே விற்காத நாளுக்கு இலவசமாகக் கொடுத்ததாகக் கணக்கு! செல்லை வெறுமனே விடுங்கள். மறுபடி 600 வரும்.